பார்க்காத இடத்துக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்

கஜா பெராங், மலாக்கா.
16-6-1957, ஞாயிற்றுக்கிழமை.

மதிப்புக்குரிய மச்சான் பொன்னுதுரை அவர்கள் சமூகத்துக்கு,

தங்கள் தங்கை கமலவேணியை இருபத்துநான்கு வருஷத்துக்கு முன் தங்கள் கையிலிருந்து பெற்றுக்கொண்ட சுப்பையன் அநேக வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இவ்விடம் என்னைத் தவிர யாவரும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் அக்காள் பாக்கியலட்சுமியும் நீண்ட நாள் சௌக்கியமாக இருக்கவேண்டும். ஆனால் வருகிற இருபத்துநான்காம் தேதி மட்டும் அக்காளுக்குக் கொஞ்சம் ஜுரம் வந்தால் எனக்குப் பெரிய உபகாரமாக இருக்கும். ஏன் என்பதைக் கீழே விவரமாக எழுதியிருக்கிறேன். கோபப்படாமல் கடைசிவரை படிக்கவும்.

தங்கள் குமாரன் ஜெயபாலன் சென்னையில் என்ஜினீயருக்குப் படிப்பதாகவும், கோடை விடுமுறையில் எட்டு வாரம் ஏதாவது ஒரு மராமத்து ஆபீஸில் பயிற்சி செய்து, செய்ததைத் தினமும் டைரியில் எழுதி, ஆபீஸில் மூத்தவர் ஒருவரிடம் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனால்தான் காலேஜில் கடைசி வகுப்புக்கு ஏற்றுவார்கள் என்றும் தாங்கள் தை மாதம் எழுதினீர்கள். "வேலையும் கற்ற மாதிரி ஆச்சு, வெளிதேசத்தையும் பார்த்த மாதிரி ஆச்சு, தாங்கள் மனசு வைக்கவேண்டும்" என்று முடித்திருந்தீர்கள். நானும் மனசு வைத்தேன். எங்கள் ஆபீஸ் துரையின் மேஜைக்கு முன்னால் மூன்று தடவை நின்று, இல்லாத பல்லையெல்லாம் காட்டி, இடம் வாங்கிக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்டவன் நானேதான். இப்போது குடைகிறதே குடைகிறதே என்றால் யார் கேட்பார்கள்?

என்னைப் பற்றித் தங்களுக்குத் தெரியும். பண்டார் ஹிலிரில் கடலோரம் இருக்கிற எங்கள் ஆபீஸில் நான் இருபத்தாறு வருஷமாக டிரேசர். என்ஜினீயர்கள் பென்சிலால் போட்டுத் தரும் சாலை, பாலம், சாக்கடைப் படங்களை மெழுகுத் துணியில் மையால் நகல் எடுப்பது என் வேலை. மலாக்கா டவுனில் நான் மை போடாத சாக்கடை கிடையாது. ஒரு கோடு கோணினாலும் துணியைத் தூரப் போட்டுவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்கிறவன் நான். ஜப்பான்காரன் காலத்தில் ஒரு அதிகாரி, கட்டாத பாலத்தைக் கட்டியாகிவிட்டது என்று எழுதி, அடியில் கையெழுத்துப் போடு என்றான். கன்னத்தில் இரண்டு வாங்கிக்கொண்டேனே தவிர, போடவில்லை. கண்ணால் பார்க்காததற்கு சுப்பையன் கையெழுத்துப் போடமாட்டான் என்பது ஆபீஸில் பியூன் வரைக்கும் தெரிந்த சங்கதி. இதைத் தாங்கள் மனசில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னால் தேவைப்படும்.

பையன் மே மாதம் நாலாம் தேதி வந்து சேர்ந்தான். வாசலில் பெட்டியை வைத்துவிட்டு "அத்தே!" என்று ஒரு குரல் கொடுத்தான். அந்தக் குரலுக்கு வாசலுக்கு ஓடின கமலவேணி இன்னும் என் பக்கம் திரும்பி வரவில்லை. எங்கள் ருக்மணியை மூவாருக்குக் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மீன் வாங்கினால் தலை எனக்கு, இது கல்யாணமான நாள் தொட்டு எழுதாத சட்டம். அன்றைக்குத் தலை பையன் தட்டில் போய் உட்கார்ந்தது. நான் பார்த்த பார்வையைப் பார்த்து, "கடல் தாண்டி வந்த பிள்ளை, இன்னிக்கு ஒரு நாள் தின்னட்டுமே" என்றாள். சரி, ஒரு நாள்தானே என்று நானும் பெரிய மனசு பண்ணினேன். அந்த ஒரு நாள் ஆறு வாரமாக நடந்துகொண்டிருக்கிறது. தலை அவனுக்கு, நடுத்துண்டு மறுநாள் அவன் கட்டிக்கொண்டு போக, வால் எனக்கு. என் சாய்வு நாற்காலியில் அவன் உட்கார்ந்து படிக்கிறான். என் சைக்கிளை அவன் ஓட்டுகிறான். பதினோரு வருஷமாக ஒரு கீறல் விழாமல் எண்ணெய் போட்டு வைத்திருந்த சைக்கிள் மச்சான் அது. போன வாரம் பத்து பெரெண்டாம் என்கிற ஊருக்கு அதை மிதித்துக்கொண்டு போய், ஆகாய விமானம் இறங்குவதைப் பார்த்துவிட்டு, மட்கார்டில் சேறும் முகத்தில் சிரிப்புமாக வந்து நிற்கிறான். அன்றைக்கு நான் ஆபீஸிலிருந்து நடந்து வந்தேன். ஒருத்தரும் ஏன் நடந்து வந்தீர்கள் என்று கேட்கவில்லை.

துரியான் கதையையும் கேளுங்கள். எனக்கு அந்தப் பழத்தின் வாடை பழகப் பதினோரு வருஷம் பிடித்தது. முதல் நாலு வருஷம் அது விற்கிற தெருப் பக்கமே போகமாட்டேன். பிறகு மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு சுளை, மறு வருஷம் இரண்டு என்று, ஒரு பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி கஷ்டப்பட்டு முன்னேறினவன் நான். உங்கள் பையன், இந்த வருஷத்து முதல் பழம் வந்த அன்றைக்கே, சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒரு முழுப் பழத்தை முடித்துவிட்டு, "இவ்வளவுதானா அத்தே?" என்றான். பக்கத்து வீட்டு ஜனமெல்லாம் கைதட்டினார்கள். எனக்கு ஒருத்தரும் பதினோராம் வருஷத்தில் கைதட்டவில்லை.

வீடுதான் இப்படி, ஆபீஸிலாவது நிம்மதி உண்டா என்றால் அங்கேயும் இவன்தான். முதல் வாரம் அவனுக்கு மூன்று சாக்கடைப் படங்களைக் கொடுத்து, வாரக் கடைசிக்குள் முடி என்றேன். செவ்வாய்க்கிழமை மத்தியானமே முடித்துக் கொண்டுவந்து வைத்தான். பூதக்கண்ணாடி வைத்துத் தேடினேன் மச்சான், ஒரு தப்பும் கிடைக்கவில்லை. அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆகஸ்ட் முப்பத்தொன்றில் மலாயாவுக்குச் சுதந்திரம் வருகிறதல்லவா, ஊரெல்லாம் கொடியும் தோரணமுமாகத் தயாராகிறது. திடலுக்கு முன்னால் ஒரு வரவேற்பு வளைவு கட்டவேண்டும், ஆளுக்கு ஒரு மாதிரி வரைந்து கொடுங்கள் என்றார் துரை. நான் மூன்று நாள் உட்கார்ந்து, இரண்டு தூண், மேலே பலகை, ஆணிக்கு ஆணி அளவு போட்டுக் கொடுத்தேன். பையன் மத்தியானச் சாப்பாட்டு வேளையில், ஒரு கையில் கறிபாப் பணியாரமும் மறு கையில் பென்சிலுமாக, அரை மணியில் ஒன்றைக் கிறுக்கினான். துரை என்னுடையதைப் பார்த்து "பலமாக இருக்கும்" என்றார். அவனுடையதைப் பார்த்து "ஆகா!" என்றார். பிறகு அந்த ஆகாவை என் மேஜைக்கு அனுப்பி, "இதற்கு மை போடுங்கள் சுப்பையா" என்றார். உங்கள் பிள்ளை தின்றுகொண்டே கிறுக்கியதற்கு நான் நாலு நாள் மை போட்டேன். அதிலும் பாருங்கள், ஒரு கோடுகூடக் கோணவில்லை. என் கை எனக்கே துரோகம் பண்ணிவிட்டது. ஆகஸ்டில் எல்லாருக்கும் சுதந்திரம் கிடைக்கிறது, எனக்கு இருந்ததும் மே மாதத்தோடு போயிற்று.

இவன் இப்படி வேலையைச் சீக்கிரம் சீக்கிரம் முடிப்பதைப் பார்த்த துரை, இரண்டாம் வாரம் அவனைக் கூப்பிட்டு, "காலையில் ஆபீஸில் வேலை பார். மத்தியானம் வெளியே போ. பழைய கட்டடம், பாலம், மதில் எல்லாவற்றையும் பார். என்ஜினீயர் என்றால் கண் இருக்கவேண்டும்" என்று சொல்லிவிட்டார். இருபத்தாறு வருஷத்தில் என்னை எந்தத் துரையாவது ஒரு தடவை "சுப்பையா, வெளியே போய் எதையாவது பார்" என்று சொன்னாரா? எனக்கும் இரண்டு கண் இருக்கிறது. அது முதல் உங்கள் பையனுக்கு மத்தியானமெல்லாம் ஊர் சுற்றல். இன்றைக்குக் குன்று, நாளைக்குக் கோட்டை வாசல், மறுநாள் சிவப்பு மாதாகோயில், அதற்கு மறுநாள் சீனர் கிணறு. போன இடத்திலெல்லாம் ஒரு டேப்பை நீட்டி அளந்து, இன்ன சுவர் இத்தனை கனம், இன்ன படி இத்தனை உயரம் என்று டைரியில் எழுதி, பக்கத்தில் அழகாகப் படமும் போட்டுவிடுகிறான். சுற்றினது பயிற்சியாகிவிட்டது, பயிற்சி சுற்றினதாகிவிட்டது. எது வேலை எது வேடிக்கை என்று பிரம்மதேவனாலும் பிரிக்கமுடியாது.

எங்கள் வீட்டுக்கார அம்மாள் சந்திரமதியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். சிட்டி சமூகம். அவர்கள் முன்னோர் எத்தனையோ தலைமுறைக்கு முன் நம் தேசத்திலிருந்து வந்து இங்கேயே ஊன்றிப்போனவர்கள். பெயர் நம் பெயர், சாமி நம் சாமி, நெற்றியில் திருநீறு, உடுப்பது சாரோங், பேசுவது மலாய். அடுத்த வாசல்தான் என்றாலும், பதினெட்டு வருஷத்தில் கூரை ஒழுகுகிறது என்பதைத் தவிர நான் அந்த அம்மாளிடம் வேறு பேசியதில்லை. பையனுக்கு மலாயில் இரண்டே வார்த்தை தெரியும், அதை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறான். பழக்காலத்தில் அவர்கள் வீட்டில் முன்னோருக்குப் பரச்சு என்று ஒரு படையல் உண்டு. வாழையிலை விரித்துத் துரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் எல்லாம் வைத்துக் கும்பிடுவார்கள். வருஷா வருஷம் படையல் முடிந்து எங்களுக்கு வேலிக்கு மேலாக ஒரு தட்டுப் பழம் வரும், அவ்வளவுதான் எங்கள் உரிமை. போன வாரம் அந்த அம்மாள் வாசலுக்கே வந்து, "பாலு, மாரி மாக்கான்!" என்று இவனைச் சாப்பிடக் கூப்பிட்டு, உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டாள். கூடவே கமலவேணியையும். நான் வாசலில் நின்றேன். வேலிக்கு மேலாக ஒரு தட்டு வந்தது. டைரியில் அன்றைய பக்கத்தில் "பழைய மரக் கூரையின் இணைப்புகள் பார்வையிடப்பட்டன" என்று எழுதியிருக்கிறான். வாயில் மங்குஸ்தானோடு அண்ணாந்து பார்த்திருப்பான், வேறென்ன?

ஊர் வாயைச் சொல்கிறேன். ஜாலான் பெண்டஹாராவில் அலி அக்பர் ஜவுளிக்கடையில் இருபது வருஷமாக நான் வேட்டி எடுக்கிறேன். போன சனிக்கிழமை போனபோது அவர் எழுந்து வந்து, "வாங்க வாங்க, நம்ம பாலு தம்பியோட மாமாவா? தம்பி சொல்லிச்சு. எப்ப வந்தீங்க மலாக்காவுக்கு?" என்றார். நான் 1931-இல் வந்தேன் என்றேன். "அப்படியா? பாத்ததே இல்லியே!" என்றார். அவர் கட்டிக் கொடுத்த வேட்டிதான் என் இடுப்பில் இருந்தது.

இதெல்லாம் போகட்டும். மீன் தலை போகட்டும், சைக்கிள் போகட்டும். என் வயிற்றைப் பற்ற வைத்தது வேறு, அதைத் தங்களிடம் ஒளிக்காமல் எழுதுகிறேன். கல்யாணமாகி வந்த புதிதில் கமலவேணி, ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிற குன்றின் மேல் ஏறிப் பார்க்கவேண்டும் என்றாள். வேலை முடியட்டும், கூட்டிக்கொண்டு போகிறேன் என்றேன். பிறகு ருக்மணி பிறந்தாள், பிறகு யுத்தம் வந்தது, பிறகு என் முழங்கால் வந்தது. அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். நானும் மறந்துவிட்டேன். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளை உங்கள் பையன் அந்தக் குன்றின் மேல் ஏற்றிக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். திரும்பி வந்தவள் என்னைப் பார்த்து, "என்னங்க, அங்கேருந்து பாத்தா கடல் மொத்தமும் தெரியுது. நம்ம கஜா பெராங்கூடத் தெரியுதுங்க! தென்னை மரமெல்லாம் வரிசையா நிக்குது!" என்றாள். முகம் அப்படியே இருபது வயசு முகம். தெரியவே தெரியாது என்றேன் நான். குன்றுக்கும் கஜா பெராங்குக்கும் ஒன்றரை மைல், நடுவில் கட்டடம், தோப்பு, ஆற்று வளைவு, எல்லாம் நான் மை போட்டது, ஸ்கேல் வைத்துக் காட்டுகிறேன் என்றேன். படத்தைக்கூட விரித்தேன். அவள் படத்தைப் பார்க்கவில்லை. "நீங்க பாத்தீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது கேட்டது. அவள் பாடி நான் கேட்டு எத்தனை வருஷமாயிற்று என்று எனக்கு ஞாபகமில்லை. பாடினது என்னால் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொறாமை என்றால் பொறாமைதான் மச்சான், வேறு பெயர் வைத்து எழுத எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் டைரி என் கைக்கு வந்தது. அவன் பயிற்சிக்கு மேற்பார்வை பார்த்துக் கையெழுத்துப் போடவேண்டிய மூத்தவன் நான்தான் என்று துரை முதலிலேயே சொல்லிவிட்டார். முதல் வாரத்துப் பக்கங்களில் போட்டேன், அது என் கண் முன்னால் நடந்த வேலை. இரண்டாம் வாரத்திலிருந்து போடவில்லை. மொத்தம் பதினேழு இடங்கள், பதினேழு பக்கங்கள், அடியில் காலி.

"மாமா, இதுல கையெழுத்து..." என்றான்.

"இந்த இடத்தை நான் பாத்தேனா?"

"இல்ல மாமா."

"பாக்காததுக்கு நான் போடமாட்டேன்."

"நீங்க இருபத்தாறு வருஷமா இங்கேதானே மாமா இருக்கீங்க? இதுல ஒண்ணுகூடப் பாத்ததில்லையா?" கேலியாகக் கேட்கவில்லை மச்சான், நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டான். கேலியாகக் கேட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

கமலவேணி கரண்டியும் கையுமாக வந்தாள். "பிள்ளையோட ஒரு வருஷப் படிப்பு உங்க கையெழுத்துல நிக்குது. போட்டுத் தொலைங்களேன். என்ன கொறைஞ்சுபோகுது?" என்றாள். ஜப்பான்காரனிடம் அறை வாங்கின கதையை நான் சொல்ல ஆரம்பித்தேன். "அந்தக் கதை எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டாள். அன்று முதல் வீட்டில் என்னோடு பேச்சு இல்லை. வால்கூட நின்றுபோயிற்று. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பையன், கமலவேணி, வீட்டுக்கார அம்மாள் மூன்று பேரும் தஞ்சோங் கிளிங் கடற்கரைக்குச் சோறு கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். எனக்கு நேற்றைய ரசத்தை மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். வீட்டில் கடிகாரமும் நானும் மட்டும்தான் இருக்கிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. பையனுக்கு ஜூலை பதின்மூன்றாம் தேதிக் கப்பலில் இடம் போட்டிருக்கிறது. அதுவரை நான் தாங்கமாட்டேன். ஜூன் இருபத்தொன்பதாம் தேதி ஒரு கப்பல் இருக்கிறது. தாங்கள் இருபத்துநான்காம் தேதி "தாய்க்குக் கடும் ஜுரம், உடனே புறப்படு" என்று ஒரு தந்தி அடித்தால் போதும். அக்காளுக்கு ஜுரம் என்று எழுதுவது மனசுக்குக் கஷ்டமாக இருந்தால் தங்களுக்கே ஜுரம் என்று அடிக்கலாம், தாங்கள் திடமான சரீரம், தாங்குவீர்கள். டைரிக் கையெழுத்தை அங்கே காலேஜில் யாரையாவது பிடித்துத் தாங்கள் சரிக்கட்டிக்கொள்ளவேண்டும். அதில் மட்டும் நான் உதவ முடியாது, என் கொள்கை தங்களுக்குத் தெரியும்.

தாங்களும் அக்காளும் நோய் நொடியில்லாமல் (மேற்படி ஒரு நாள் ஜுரம் நீங்கலாக) நூறு வயது இருக்கவேண்டும் என்று இங்கே விநாயகரை வேண்டிக்கொள்கிறேன். பையனுக்கு என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு, தூரத்தில் இருந்தால் இன்னும் அதிகமாக உண்டு.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மறவாத,
அ. சுப்பையன்.
(இது நான் கண்ணால் பார்த்து எழுதியது, ஆகவே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.)

பின்குறிப்பு, 18-6-57, செவ்வாய்க்கிழமை சாயங்காலம்:

மச்சான், தந்தி அடிக்கவேண்டாம். அக்காள் சௌக்கியமாகவே இருக்கட்டும். மேலே உள்ளதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம்தான். ஆனால் எழுத்து இவ்வளவு அழகாக எனக்கு வந்து ரொம்ப நாளாயிற்று, கிழிக்க மனசு வரவில்லை. ஒட்டின உறையைக் கெட்டில் ஆவியில் காட்டித் திறந்து இதைச் சேர்க்கிறேன்.

நேற்றுக் காலை பையன் டைரியை எடுத்துக்கொண்டு நேரே துரை அறைக்குள் போனான். சரி, என் மேல் கோள் சொல்லப் போகிறான் என்று நானும் பின்னாலேயே போனேன். அவன் சொன்னது: "சார், மாமா தான் பார்க்காததற்குக் கையெழுத்துப் போடமாட்டார். அவர் செய்வது நியாயம். நான் என்ன செய்யவேண்டும் என்று சொல்லுங்கள்." துரை எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஆகஸ்டோடு அவர் சீமைக்குப் போகிறார். "இந்த ஆபீஸில் ஒரே ஒரு கையெழுத்தைத்தான் நான் ஒரு நாளும் சரிபார்த்ததில்லை, அது உங்களுடையது" என்றார். நான் நன்றி சொல்ல வாயெடுத்தேன். அது வெளியே வருவதற்குள் அடுத்ததைச் சொல்லிவிட்டார். "ஆகையால் நாளையிலிருந்து நீங்கள் ஆபீஸுக்கு வரவேண்டாம். பதினேழு இடத்தையும் போய்ப் பாருங்கள். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இது உத்தரவு." தன் வாயால் கெடும் தவளை என்று சும்மாவா சொன்னார்கள்.

வீட்டில் வந்து சொன்னால், கமலவேணி போய் அரிசி களைந்தாள். காலையில் பார்த்தால் புளிச்சோறு கட்டி, கல்யாணப் புடவையைக் கட்டி வாசலில் நிற்கிறாள். "நீங்க பாத்தீங்கன்னு நான்தான் சாட்சி. நானும் வர்றேன்" என்றாள். ஒன்பது நாளுக்குப் பிறகு அவள் என்னிடம் பேசின முதல் பேச்சு அது.

பையன் முன்னால் போக, குன்றின் மேல் மூன்று இடத்தில் உட்கார்ந்து ஏறினேன். மேலே கூரையில்லாத பழைய மாதாகோயில் ஒன்று நிற்கிறது. அதன் பக்கச் சுவர் நாலடி இரண்டங்குலம் என்று பையன் எழுதியிருந்தான். நான் டேப்பைப் பிடித்துப் பார்த்தேன். நாலடி. மறுபடி பார்த்தேன். சரியாக நாலடி! மச்சான், அந்த இரண்டங்குலத்தில் எனக்கு இருந்த சந்தோஷத்தை ருக்மணி கல்யாணத்தில்கூட நான் அடைந்ததில்லை. அங்கேயே டைரியைச் சுவரில் வைத்துச் சிவப்பு மையால் அடித்துத் திருத்திக் கையெழுத்துப் போட்டேன். பையன் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "இதுக்குத்தான் மாமா உங்க கையெழுத்து வேணும்ங்கிறது" என்றான். இனி மீதிப் பதினாறு இடத்தையும் அவன் மறுபடி அளக்கவேண்டும், நான் பார்க்கவேண்டும். என் முழங்காலை வைத்துக்கொண்டு பதின்மூன்றாம் தேதிக்குள் அது நடக்காது. ஆகவே தாங்கள் காலேஜுக்கு ஒரு வாரம் கூடுதலாக விடுமுறை கேட்டு உடனே எழுதவும், ஜுரம் யாருக்கு என்பதைத் தாங்களே யோசித்துக்கொள்ளவும். கப்பலை நான் மாற்றிக்கொள்கிறேன். மீன் தலை இன்றைக்கும் அவனுக்குத்தான் போயிற்று, ஆனால் நடுத்துண்டு எனக்கு வந்தது.

இன்னொன்று. மேலேயிருந்து பார்த்தால், நான் மை போட்ட ஆறும் சாலையும் சாக்கடையும் அத்தனையும் துணியில் கிடந்த மாதிரியே கீழே கிடந்தன. அதில் நடந்துபோகிற ஜனங்களை மட்டும் நான் வரைந்ததில்லை. கமலவேணி என் பக்கத்தில் நின்று, "அதோ பாருங்க, கஜா பெராங்" என்றாள். எங்கே என்றேன். என் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி, "அதோ, அந்தத் தென்னை மரத்துக்குப் பக்கத்துல" என்றாள். தெரியவில்லையே என்றேன். மறுபடி பிடித்துக் காட்டினாள். மூன்று தடவை காட்டினாள். தெரிகிறது மச்சான். முதல் தடவையே நன்றாகத் தெரிந்தது. ஆனால் இதை அவளுக்கு எழுதிவிடாதீர்கள், வியாழக்கிழமை இன்னொரு குன்றுக்குப் போகிறோம், அங்கேயும் எனக்குக் கண் தெரியாது.